உட்பொதி கருவிகளுக்கான இயங்குதள உருவாக்கத்தில் தேர்வும் நீக்கமும்: பில்ட்ரூட், யோக்டோ – ஒரு மதிப்பீடு

திசைவி, பயணச்சீட்டு இயந்திரம், மருத்துவமனைக் கண்காணிப்புத் திரை முதலியவற்றுள் இயங்கும் லினக்ஸ், மேசைக்கணினி வழங்கல்களிலிருந்து வேறுபட்டது. மேசைக்கணினியில் ஆயத்தப் பொதிகளைப் பெற்று நிறுவுவது வழக்கம். உட்பொதி கருவிகளிலோ, ஆக்குவோரே கெர்னல், நூலகங்கள், செயலிகள் அனைத்தையும் மூலநிரலிலிருந்து தொகுத்து, ஒரே படிமமாக்கிப் பதிக்கின்றனர். இப்பணியில் பெருவழக்காக உள்ளவை பில்ட்ரூட்டும் யோக்டோ திட்டமும் ஆகும். இவற்றை ஒப்பிடும் எழுத்துகள் பெரும்பாலும் கற்றல் எளிமை, தொகுக்கும் வேகம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. கேட்காமலேயே இவை எவற்றை நீக்குகின்றன என்பது போதிய அளவில் ஆராயப்படவில்லை.

யுசிலிப்சி நூலகத்தை உருவாக்கியோரின் சோதனைக் களமாகத் தோன்றியது பில்ட்ரூட். கெர்னலின் தெரிவுப் பட்டியல் முறையையே இதுவும் கையாள்கிறது. எனவே முடிவுகள் பெரும்பாலும் ஒரே கோப்பில் கண்ணுக்குப் புலப்படும். கருவியில் பொதி மேலாண்மைக்கு இடமில்லை என்பது இதன் திட்டமிட்ட நிலைப்பாடு. படிமம் முழுமையாக மாற்றப்பட வேண்டுமேயன்றிப் பகுதி பகுதியாக அன்று. பாதியில் நின்றுபோகும் இற்றைப்படுத்தல் கருவியையே முடக்கிவிடும் என்பதால் இந்நிலைப்பாட்டை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் இதன் பயனாக, படிமத்தில் இல்லாத ஒன்றைப் பயனர் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு அநேகமாக அற்றுப்போகிறது.

2003இல் தொடங்கிய ஓப்பன்எம்பெடட் மரபின் மீது 2010இல் லினக்ஸ் அறக்கட்டளை அறிவித்த யோக்டோ திட்டம், செய்முறைகளையும் அடுக்குகளையும் அடிப்படையாகக் கொண்டது. சில்லு நிறுவனத்தின் அடுக்கின் மேல் பலகை நிறுவனத்தின் அடுக்கு, அதன் மேல் கருவி நிறுவனத்தின் அடுக்கு என ஒன்று மற்றொன்றைத் திருத்திச் செல்லும். பணிப்பகிர்வுக்கு இது சிறந்த முறையே. ஆனால் ஒரு மாறியின் இறுதி மதிப்பை யார் தீர்மானித்தார் என அறியத் தனிக் கட்டளை தேவைப்படும் நிலை, பொறுப்பு எத்துணைத் தூரம் சிதறியுள்ளது என்பதைக் காட்டுகிறது. 2020 ஏப்ரலில் வெளியான டன்ஃபெல் பதிப்பின் நீள்கால ஆதரவு 2024 ஏப்ரலில் முடிந்தது. அப்பதிப்போடு சில்லு நிறுவனத்தின் அடுக்கு நின்றுவிட்டால், பத்தாண்டு உழைக்க வேண்டிய கருவியின் எஞ்சிய காலத்தை யார் ஏற்பது என்பதற்கு அடுக்குமுறையில் விடையில்லை.

நீக்கம் தமிழைத் தொடும் இடம் மொழி அமைப்பாகும். பில்ட்ரூட்டின் இயல்புநிலை, பொதுநிலை அமைப்பையும் அமெரிக்க ஆங்கிலத்தையும் மட்டும் விட்டுவைத்துப் பிற மொழிகளின் மொழிபெயர்ப்புக் கோப்புகளைப் படிமத்திலிருந்து அழித்துவிடுகிறது. யோக்டோவின் மிகச்சிறு படிமத்திற்கான செய்முறையில் மொழிப்பட்டியல் வெற்றிடமாகவே விடப்பட்டுள்ளது. ஜிலிப்சி நூலகத்தில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் இரண்டிற்கும் வரையறைகள் இருந்தும், அவை கருவியைச் சென்றடைவதில்லை.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 2003இல் மூலநிரல் வெளியிடப்பட்டு, ஓப்பன்டபிள்யூஆர்டி தோன்ற வழிவகுத்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி திசைவியின் தொடக்கப் பதிப்புகளில் 4 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகமே இருந்தது. அங்கு ஒவ்வொரு கிலோபைட்டும் பொருட்டு. இன்று பல ஜிகாபைட் சேமிப்பும் தொடுதிரையும் கொண்ட கருவிகளும் அதே இயல்புநிலையோடு தொகுக்கப்படுகின்றன.

ஒரு வரியை மாற்றினால் போதுமே என்னும் மறுப்பு எழலாம். அவ்வொரு வரி மொழிபெயர்ப்புக் கோப்புகளைக் காக்கும், எழுத்துகளைக் காக்காது. ‘கொ’ என்பதில் மெய்யை அடுத்துச் சேமிக்கப்படும் உயிர்க்குறி, திரையில் மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இதற்குத் தமிழ் எழுத்துருவோடு ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவாக்க நூலகமும் படிமத்தில் இருத்தல் வேண்டும். திரைக்கு வரையும் செயலி அதனைப் பயன்படுத்தவும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கட்டங்களோ இடம்மாறிய குறிகளோதாம் தோன்றும். மருந்தளவைக் காட்டும் திரையில் இது அழகியல் குறை அன்று.

யோக்டோவில் படிமத்தைத் தானியங்கியாகச் சோதிக்கும் வசதி முன்பே உள்ளது. கெர்னல் துவங்குகிறதா, வலையிணைப்புக் கிடைக்கிறதா என்பவற்றோடு, கொம்பும் காலும் கொண்ட சில தமிழ்ச் சொற்கள் திரையில் சரியாக வரையப்படுகின்றனவா என்பதும் அச்சோதனையுள் இடம்பெறலாம். தமிழ்க் கணிமை ஆய்வுகள் எழுத்துருவோடும் விசைப்பலகையோடும் நில்லாமல், இத்தகைய சோதனைச் சொற்பட்டியலை வகுத்து இத்திட்டங்களுக்கு அளிக்க இயலும்.