பெத்லகேம் குறவஞ்சியும் கலைஞனின் கடனும்

கிறிஸ்தவக் கலைஞன் தன் படைப்புக்குரிய தூண்டுதலை எங்கிருந்து பெறுகிறான் என்னும் வினா நம் இறையியல் வகுப்புகளில் அடிக்கடி எழுகின்றது. ஜெபத்தில் காத்திருந்தால் போதும் என்பர் சிலர். பிறநாட்டுப் பாடல்களையும் நூல்களையும் புரட்டினால் கிடைக்கும் என்பர் வேறு சிலர். யாத்திராகமம் இவ்விரண்டையும் திருத்துகின்றது. ஆசரிப்புக் கூடாரத்தின் தச்சனாகிய பெசலெயேல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவனே. எனினும் அவன் கையிலிருந்த பொன் வானத்திலிருந்து விழுந்ததன்று. எகிப்தியரிடமிருந்து பெற்று வந்ததாகும். புறச்சமயத்தாரின் கல்வியைத் திருச்சபை ஏற்றுப் பயன்படுத்தலாம் என்பதற்கு அகஸ்தீன் இப்பொன்னையே சான்றாகக் காட்டினார். ஆனால் கன்றுக்குட்டியும் அதே பொன்னால் வார்க்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே, எங்கிருந்து பெற்றான் என்று கேட்பதோடு, பெற்றதற்கு எவ்வாறு உண்மையாயிருந்தான் என்றும் கேட்டல் வேண்டும்.

இவ்வினாக்களை மனத்திற்கொண்டு தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியை நாம் மீண்டும் வாசித்தோம். சாஸ்திரியார் இளமையிலேயே ஸ்வார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு, அவரிடத்திலும் பின்னர்த் தரங்கம்பாடி மிஷனெரிமாரிடத்திலும் கல்வி பயின்றார். ஸ்வார்ட்ஸ் ஐயரின் மற்றொரு மாணாக்கரே பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர். ஒருபுறம் ஜெர்மானியர் கொணர்ந்த வேதாகமக் கல்வியும் புதிய விஞ்ஞானமும், மறுபுறம் இசையும் நாட்டியமும் செழித்த தஞ்சை அவை. இவ்விரண்டிற்குமிடையே வளர்ந்தவர் நம் கவிஞர்.

அக்காலத்துத் திருச்சபை பெரும்பாலும் பாடியவை ஜெர்மன் ஞானப்பாட்டுகளின் மொழிபெயர்ப்புகள். பப்ரிசியுஸ் ஐயர் அவற்றை மூல மெட்டுகளுக்கு இசையவே தமிழில் தந்திருந்தார். அவற்றின் பக்தியை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயினும் தமிழ்ச் சொல் அங்கே அயல் மெட்டுக்குள் ஒடுங்கி நிற்க வேண்டியதாயிற்று. சாஸ்திரியாரோ மக்கள் கூடி மகிழ்ந்து கேட்ட குறவஞ்சியைத் தெரிந்தெடுத்தார். தலைவன் உலா வருதல், தலைவி அவனைக் கண்டு காதல் கொள்ளுதல், குறத்தி வந்து மலைவளமும் நாட்டுவளமும் பாடிக் குறி சொல்லுதல், குறவன் பறவைக்குக் கண்ணி வைத்தபின் தன் சிங்கியைத் தேடி அடைதல் என்பன அதன் உறுப்புகள். இங்கே பெத்லகேம் நாதரே தலைவர், அவர்மீது காதல் கொள்ளும் தேவமோகினி திருச்சபை, குறத்தி விசுவாசம், குறவனாகிய ஞானசிங்கன் குருமாரைக் குறிப்பவன், அவனுக்குத் துணைவரும் நூவன் உபதேசியார்.

உவமைப் பொருத்தம் ஒன்றே இந்நூலின் சிறப்பாயின், இதனைத் திறமையான பயிற்சி என்று சொல்லி நாம் அமைந்துவிடலாம். சிறப்பு அதனினும் ஆழமானது. உன்னதப்பாட்டு முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை வேதாகமத்தில் ஓடும் மணவாட்டி உருவகமும், தமிழர் நெடுங்காலமாய்ப் பாடிவந்த அகப்பொருள் மரபும் இங்கே ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. அன்றியும், நாட்டுவளம் பாடும் மரபைக் கவிஞர் பூகோள அறிவுக்கு இடமாக்குகின்றார். கோபர்நிக்கஸ் 1543-இல் வெளியிட்ட கோள்முறையையும் நூலினுள் கொணர்கின்றார். பழைய வடிவம் புதிய அறிவைக் கண்டு அஞ்சவில்லை, விசுவாசமும் அஞ்சவில்லை. விஞ்ஞானத்தைப் பிரசங்க மேடைக்கு வெளியே நிறுத்திவைக்கும் நமக்கு இது நல்லதொரு கண்டனம்.

எனினும் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பறவை பிடிக்கும் காட்சியை ஆத்தும ஆதாயத்திற்கு உருவகமாக்குவது நம் மனத்தை உறுத்துகின்றது. சங்கீதக்காரனுக்கு வேடனின் கண்ணி என்பது தேவன் நம்மைத் தப்புவிக்கும் ஆபத்தாகும். அக்கண்ணியைக் குருவின் கையில் கொடுக்கும்போது, நற்செய்தி இரை காட்டிப் பிடிக்கும் தந்திரம் என்னும் எண்ணத்திற்கு இடமுண்டாகின்றது. மனுஷரைப் பிடிக்கிறவர்கள் என்னும் சுவிசேஷ வழக்கு இதற்கு ஓரளவு துணைநிற்கலாம். ஆயினும் முழுமையாக விடையளிப்பதில்லை. வடிவம் தந்த காட்சியின் இனிமையில் கவிஞர் இவ்விடத்தில் தம் வேதாகமச் செவியைச் சற்றே தளர்த்திவிட்டார் என்பது நம் கருத்து.

இரண்டாவது குறை நூலின்கண் உள்ளதன்று. நூலுக்கும் கவிஞருக்கும் இடையே உள்ளது. 1820-களின் இறுதியில் தஞ்சைச் சபையில் புதிய மிஷனெரிமார் சில மாற்றங்களைப் புகுத்தினர். ஆராதனையில் தமிழ்ப் பாடல்களை விலக்கியதை சாஸ்திரியார் எதிர்த்தார். அவ்வெதிர்ப்பு நியாயமானதே என்பதற்கு இன்று நம் சபைகளில் ஒலிக்கும் கீர்த்தனைகளே சாட்சி. ஆனால் திருவிருந்தில் சாதி வேற்றுமையை நீக்க முற்பட்டதையும் அவர் அதே மூச்சில் எதிர்த்தார். மரபைக் காக்கும் பெயரால் வேற்றுமையையும் காத்தார். தம் காவியத்தில் விசுவாசத்திற்கே குறத்தியின் உருவைத் தந்தவர் அவர். மணவாட்டியின் கையைப் பற்றி, மணவாளன் வருவான் என்று சொல்லும் உரிமையை ஊர் ஊராய்த் திரிந்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு அளித்தவர் அவர். அப்படிப்பட்டவர், அத்தகையோர் திருவிருந்தில் தம்முடன் வேற்றுமையின்றிப் பந்தியிருப்பதை ஏற்கவில்லை.

இதனால் பெத்லகேம் குறவஞ்சியைத் தள்ளிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மாறாக, கவிஞரைவிட அவர் கவிதை தொலைவாகக் கண்டது என்கிறோம். கலைஞன் பெறும் தூண்டுதல் பல வேளைகளில் அவனுக்கே தீர்ப்பாகவும் அமைகின்றது.

இன்று நம் மாணவர் பறையையும் வில்லுப்பாட்டையும் ஆராதனைக்குக் கொணர்கின்றனர். கிராமியக் கோலங்களால் பலிபீடத் துணிகளை அணிசெய்கின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் பறையை ஏற்று, அதை முழக்கிய கைகளைச் சபைக் குழுவில் ஏற்காதவன் பொன்னைப் பெற்றுக் கன்றுக்குட்டியைச் செய்தவனே. வடிவத்தைக் கடனாகப் பெறுகிறவன் அதற்குரியவருக்கும் கடன்பட்டவன். அக்கடனைத் தீர்க்கும் இடம் கவிதை ஏடு அன்று, திருவிருந்துப் பந்தி.