மணலை எறிந்து எடுத்த ஒளி

விடைத்தாள் திருத்தும் பணிக்குக் கொழும்பு வரும்போதெல்லாம் கொட்டாஞ்சேனையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றின் முன் சற்று நிற்பேன். ஆயத்துல் குர்ஸி, திருஇருதயம், முருகன், புத்தர் எல்லாம் ஒரே சுவரில் தொங்கும். இடையே செம்மஞ்சள் பாறைகள் இரண்டு நெளிந்து நிற்க, மேலிருந்து ஒளி வெள்ளைத் தூணாய் இறங்கும் படமொன்று. "வெள்ளவத்தை ஃபிளட்டுகளுக்கு இதுதான் சேர் கூடப் போகுது" என்றார் கடைக்கார நானா. எந்த இடமென்று வாங்குவோர் கேட்பதில்லையாம்.

இடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், நவாஹோ மக்களின் நிலத்திலுள்ள அன்டிலோப் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்பதைவிடப் பாலைப் பாறையில் விழுந்த இடுக்கு என்பதே பொருந்தும். ஒரு காலத்து மணற்குன்றுகள் இறுகிக் கல்லாகி, அந்தக் கல்லை வெள்ளம் அரித்துச் செய்தது. சுவரில் ஓடும் அழகிய வரிகள் பழைய மணற்குன்றுகளின் அடுக்குகளே.

இதே இடத்தில் அவுஸ்திரேலியரான பீற்றர் லிக் எடுத்த 'ஃபேன்டம்' என்ற கறுப்பு வெள்ளைப் படம் 65 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டதாக 2014 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஏலத்தில் நடந்த விற்பனையல்ல. வாங்கியவரின் பெயரும் வெளிவரவில்லை. லண்டன் 'கார்டியன்' விமர்சகர் ஜொனதன் ஜோன்ஸ் அப்படத்தை ஹோட்டல் சுவர் அலங்காரத்தோடு ஒப்பிட்டார். அதோடு நின்றிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். புகைப்படமே கலையல்ல என்றும் எழுதிவிட்டார். கொழும்பில் லயனல் வென்ட் (1900–1944) வாழ்ந்ததை அறிந்த எவரும் அதை ஏற்கமாட்டார்.

லிக்கின் படத்தில் செயற்கை இருக்கிறது என்பது என் குற்றச்சாட்டல்ல. ஒளிக்கற்றை தெளிவாகத் தெரிய, அங்குள்ள வழிகாட்டிகள் மணலை அள்ளி மேலே எறிவது வழக்கமாக இருந்தது. அந்தத் தூசியே படத்தில் ஆவியுருவாய்த் தெரிகிறது. வென்ட்டும் இருட்டறையில் எத்தனையோ வித்தைகள் செய்தவர்தான்; ஒரு படத்தின் மேல் இன்னொன்றைப் பதித்தார், நிழலை ஒளியாக்கினார். ஆனால் அவர் படத்திலுள்ள மீனவனின் தோளில் உழைப்பும் உப்பும் தெரியும். லிக்கின் படத்தில் மணலை எறிந்த கை எங்கே? மனிதர் வெளியேற்றப்பட்ட பின்னரே அந்த 'அமைதி' கிடைத்திருக்கிறது.

வெளியேற்றப்பட்ட இன்னொன்று தண்ணீர். இது எனக்கு இன்னும் பெரிய குறையாகப் படுகிறது. 1997 ஓகஸ்ட் 12 ஆந் திகதி அந்தப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் சுற்றுலாப் பயணிகள் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். பெருமழை பெய்தது மைல்கணக்கில் அப்பால். களனி ஆற்றங்கரைக்கு இதை விளக்கத் தேவையில்லை; மலைநாட்டு மழை கொலன்னாவை வீடுகளுக்குள் புகுந்த 2016 மே மாதம் அவர்களுக்கு மறந்திராது. நவாஹோ மக்கள் அந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயரே பாறையூடே தண்ணீர் ஓடும் இடம் என்பதுதான். பெயரிலிருக்கும் தண்ணீர் படத்தில் இல்லை.

எங்கள் பாடசாலைப் பிள்ளைகளிடம் பாலைவனம் வரையச் சொன்னால் ஒட்டகம், பேரீச்சை, மணல் வரும். ஒருவராவது தண்ணீர் வந்துபோன தடம் வரைவதில்லை. இத்தகைய படங்களைப் பார்த்து வளரும் கண் வேறு எதை வரையும்?

நம்மவர் உம்றாவோடு ஜோர்தானையும் சேர்த்துப் போய்வந்து காட்டும் பெற்றா படங்களும் இந்த வகைதான். சுமார் 1.2 கிலோமீற்றர் நீளமான 'சீக்' என்ற பாறையிடுக்கின் முடிவில், இருண்ட இரு சுவர்களுக்கிடையே கருவூலத்தின் முகப்பு. எல்லாருடைய படமும் அதுவே. 1963 ஏப்ரலில் அந்த இடுக்கில் பாய்ந்த வெள்ளம் பிரெஞ்சுப் பயணிகள் இருபதுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. நபதேயர் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீக்கின் வாசலில் அணை கட்டி, மலையைக் குடைந்து வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தார்கள். அந்த ஏற்பாடு பிற்காலத்தில் பாழடைந்திருந்தது. 1963 க்குப் பின்னரே அணை மீண்டும் கட்டப்பட்டது. குடிநீருக்காக அவர்கள் பாறையில் வெட்டிய கால்வாய் இன்றும் நடைபாதையோரச் சுவரில் கூடவே வருகிறது. கருவூலத்துக்காகக் கமெராவை உயர்த்துவோரின் படத்தில் அது பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.