'ன்' விகுதியும் ஒரு ஹிப்ஹாப் குழுவும்

தமிழ் ராப் என்றதும் நம்மாட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். தமிழை உலகத்துக்குக் கொண்டுபோனது என்பார் ஒரு சாரார். இறக்குமதிச் சரக்கு என்பார் மறுசாரார். தொகுப்புகளின் பெயர்களைக்கூட இருவரும் வாசிப்பதில்லை. நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா 2006இல் வெளியிட்டது 'வல்லவன்'. கோவைக்காரரான ஆதி, ஜீவாவோடு சேர்ந்து நடத்தும் குழு 'ஹிப்ஹாப் தமிழா'. அவர்களது 2012 தொகுப்பு 'ஹிப்ஹாப் தமிழன்'. எல்லாம் ஆண்பால் ஒருமை. குழுவின் பெயரோ அந்த ஆணை அழைக்கும் விளி.

இதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. 1970களின் பிராங்ஸ் தெருக்களில் பிறந்த இவ்வடிவத்தில் 'நான்' என்பது மறுக்கப்பட்டவரின் பிரகடனம். சிறுபான்மையாக வாழும் மலேசியத் தமிழரின் 'வல்லவன்' என்ற சவடாலுக்கும் அந்த நியாயம் உண்டு. கோவைக்கு வரும்போது 'நான்' என்பது 'தமிழன்' ஆகிவிடுகிறது. மறுக்கப்பட்டவர் போய்ப் பண்பாட்டுக் காவலர் வந்து நிற்கிறார். 'கிளப்புல மப்புல' பாட்டில் அவர் கண்டிப்பது யாரை? குடிக்கிற பெண்ணை. பெண்ணை மற்றமையாக்கித்தான் இந்தத் தன்னிலை கட்டப்படுகிறது.

2016இல் ஜல்லிக்கட்டுக்காக 'டக்கரு டக்கரு' வந்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் கூடியதோ 'தமிழன்' அல்ல; பெண்களும் திரண்ட பன்மை. கூட்டம் தன் போக்கில் பேசத் தொடங்கியபின், ஜனவரி 22இல், விலகுவதாக ஆதி காணொளியில் அறிவித்தார். தனிப்பட்ட துணிவு, கோழைத்தனம் என்று இதை அளப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஒருமையில் எழுதப்பட்ட பிரதி பன்மையைச் சந்தித்த இடம் அது.

2020 தொகுப்பின் பெயர் 'நா ஒரு ஏலியன்'. 'நான்' தன் னகரத்தை உதிர்த்துப் பேச்சுத்தமிழாக இறங்குகிறது, தமிழன் அயலானாகிறான். எனக்கு இது முக்கியமான நகர்வு. ஆனாலும் 'ஏலியன்' என்பதன் கடைசியில் ஒலிக்கும் 'ன்'னைக் கேட்டால் சிரிப்பும் வருகிறது.

2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பெயரிலேயே கூட்டாக நின்றது. கானாவும் ராப்பும் கலந்த அம்மேடையில் இசைவாணி பாடினார். அங்கே பெண் பாட்டின் பொருளல்ல, பாடுகிறவர்.

எங்கள் பல்லடத்துத் தறிக்குடோனில் ஆண் பெண் யாரைக் கூப்பிட்டாலும் 'ஏனுங்க'தான். மரியாதைக்குள்ளும் சாதி ஒளிந்திருக்கும், தெரியும். இருந்தும் அந்த 'ங்க'வுக்குப் பால் கிடையாது. கொங்குமண்ணில் கிளம்பிய ஹிப்ஹாப் அதைத் தன் தலைப்பில் ஏற்றும்போதுதான் தறி ஓட்டும் பெண்ணும் அதைத் தன் பாட்டு என்பாள்.