மூலக்கோப்பும் மலையக முகமும்

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களின் கடைவீதிகளில் தொழில் நடத்தும் ஸ்டூடியோக்காரர்களும், தோட்டத்துக் கலியாணங்களிலும் திருவிழாக்களிலும் கமராவோடு காணப்படும் இளைஞர்களும், எந்தக் கமரா நல்லது, எந்த வில்லை உத்தமம் என்று விடிய விடியத் தர்க்கிக்க வல்லவர்கள். ஆனால் பிடித்த படத்தை எந்த மென்பொருளில் பதப்படுத்துவது என்ற வினா எழும்போது, அந்தத் தர்க்கம் முழுவதும் ஓய்ந்துபோய், அடுத்த கடைக்காரரின் கணினியில் எது இருக்கிறதோ அதுவே தம் கணினியிலும் ஏறிவிடுகிறது. இந்த வழக்கத்தில் சௌகரியம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் அருகில் இருக்கிறார். ஆயினும் அந்தச் சௌகரியத்துக்காக நாம் எதை விலையாகக் கொடுக்கிறோம் என்பதைச் சற்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது அவசியம்.

ரோ கோப்பு என்று தொழிலில் வழங்கும் மூலக்கோப்பு, உண்மையில் இன்னும் படமாகாத ஒன்று. கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் வகுத்து, 1976இல் காப்புரிமை வழங்கப்பட்ட அமைப்பே இன்றும் பெரும்பாலான கமராக்களில் இருக்கிறது. அதன்படி உணர்தகட்டின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தின் ஒளியை மட்டும் அளக்கும். பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டவை. எஞ்சிய நிறங்களை அயற்புள்ளிகளைக் கொண்டு ஊகித்து நிரப்புவதும், எந்த ஒளியை வெள்ளை எனக் கொள்வது என்று நிர்ணயிப்பதும், இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட படிகளை எவ்வாறு பங்கிடுவது என்று தீர்மானிப்பதும் மென்பொருளின் காரியம். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள. 14 பிட் மூலக்கோப்பிலோ 16,384 படிகள். இந்தச் செல்வத்தை எப்படிச் செலவிடுவது என்பதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதனதன் அபிப்பிராயம் இருப்பதால், ஒரே கோப்பை மூன்று மென்பொருள்களில் திறந்தால், நாம் ஒன்றையுமே தொடாத நிலையிலும், மூன்று வெவ்வேறு படங்கள் தோன்றுகின்றன. நடுநிலையான மென்பொருள் என்று ஒன்று இல்லை என்பதே இவ்விஷயத்தில் முதலில் உணர வேண்டிய உண்மை.

அந்த அபிப்பிராயம் மலையகத்தின் ஒளியில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்ப்போம். காலைப் பிரட்டு முடிந்து கொழுந்து மலையில் ஏறி நிற்கும் ஒரு பெண்ணின் முகத்தைப் படம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே மூடிய வானத்திலிருந்து வருவது சற்று நீலம் கலந்த ஒளி. கீழே இடுப்பளவு நிற்கும் தேயிலைச் செடிகளிலிருந்து தெறிப்பது பச்சை ஒளி. பின்னாலிருந்து சூழ்வது வெண்பனி. ஆகவே நெற்றி ஒரு நிறமாகவும், தாடையின் அடிப்பாகம் இன்னொரு நிறமாகவும் பதிவாகின்றன. முகத்தில் படிந்த பச்சையை நீக்கவேண்டி முழுப்படத்தையும் செவ்வூதாவின் பக்கம் நகர்த்தினால், தேயிலை உயிரற்றுச் சாம்பல் பூக்கிறது, பனி இளஞ்சிவப்பாகிறது. தேயிலையின் பசுமையைக் காப்பாற்ற முனைந்தால் முகம் நோயாளியின் முகமாகிறது. முகத்தை மட்டும் தனியே பிரித்துத் திருத்தும் வசதி எந்த மென்பொருளில் சிரமமின்றிக் கிடைக்கிறது என்பது, இந்தப் பிரதேசத்தைப் பொறுத்தவரை, அலங்கார வினா அன்று, அத்தியாவசிய வினா.

பனியை விலக்கும் கருவியின் கதை இன்னும் விசித்திரமானது. அடோபியின் டீஹேஸ் விசை 2015இல் அறிமுகமானது முதல், மலைநாட்டுப் படங்களில் அதன் பிரயோகத்துக்கு அளவில்லை. இத்தகைய கருவிகளுக்குப் பிரசித்தமான ஒரு கணித முறை உண்டு. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் உள்ள கருவியும் அதையே பின்பற்றுகிறது. பனியில்லாத காட்சியின் எந்தச் சிறு பகுதியிலும் மூன்று நிறங்களுள் ஏதேனும் ஒன்றாவது இருண்டிருக்கும் என்பதே அதன் அனுமானம். அப்படி இருளாத இடத்தையெல்லாம் அது பனி என்று கருதி, வெளுப்பைக் கழித்துவிடுகிறது. தோட்டப் பாதையில் வெள்ளைச் சீருடையோடு வரிசையாக நடந்து போகும் பிள்ளைகளின் படத்தில் இதைப் பிரயோகித்துப் பார்த்தால் அனுமானத்தின் பிழை பிரத்தியட்சமாகும்: சீருடையும் பனியும் அதற்கு ஒன்றே; சட்டை அழுக்கு நீலமாகிறது, பிள்ளைகளின் முகங்கள் கறுத்து விவரமிழக்கின்றன, பின்னாலுள்ள தேயிலையோ வர்ணம் பூசிய பலகையைப்போல் பளபளக்கிறது. மிதமாகவும், வேண்டிய இடத்தில் மட்டும் மறைப்பிட்டும் பயன்படுத்தினால் நற்பயன் தரும் கருவியே அது. குற்றம் அதனிடத்தில் இல்லை, முழுப்படத்தின்மீதும் ஒரே இழுப்பாக இழுக்கும் அவசரத்தில் இருக்கிறது.

இந்த அளவுகோல்களோடு, வழக்கில் முதன்மை பெற்றிருக்கும் அடோபியின் லைட்ரூமை நோக்கினால், அதன் மேன்மை வெறும் விளம்பரத்தால் வந்ததன்று என்பது புலனாகும். 2007இல் வெளிவந்த நாள் முதல், ஆயிரக்கணக்கான படங்களை ஒரே பட்டியலில் அடுக்கி, தெரிந்தெடுத்து, ஒன்றில் செய்த திருத்தத்தை நூற்றுக்குப் பரப்பும் வேலையில் அது தேர்ச்சி பெற்றிருக்கிறது. கலியாண வீட்டில் எடுத்த படங்களை ஒரு வாரத்துக்குள் அல்பமாக்கித் தரவேண்டிய ஸ்டூடியோக்காரருக்கு இது பேருதவி. 2022இல் வந்த, ஆட்களைத் தானே இனங்கண்டு முகத்தோலை மட்டும் பிரித்துத் தரும் மறைப்பு வசதி, மேலே சொன்ன பச்சைத் தெறிப்பின் இடரைச் சில நொடிகளில் தீர்க்கக்கூடியது. கற்றுக்கொள்வதற்குப் பாடங்களும் ஏராளம்.

அதன் குறைபாடு படத்தின் தரத்தில் இல்லை. உடைமையின் தன்மையில் இருக்கிறது. 2015இல் வந்த ஆறாம் பதிப்போடு ஒரே தடவை விலைகொடுத்து வாங்கும் முறை முடிந்து, மாதச் சந்தா ஒன்றே வழியாயிற்று. நெடுங்காலம் அந்தச் சந்தா சுமார் 10 டாலராக இருந்தது. 2022இன் தொடக்கத்தில் டாலர் ஒன்று சுமார் 200 ரூபாயாக இருந்தபோது அது 2,000 ரூபாய். அதே ஆண்டின் நடுப்பகுதியில் டாலர் 360 ரூபாயை எட்டியபோது 3,600 ரூபாய். அன்று தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். அட்டன் ஸ்டூடியோவின் வாடிக்கையாளர் அந்தச் சம்பளத்தில் வாழ்பவராகையால், படத்தின் விலையை டாலரோடு சேர்த்து உயர்த்த ஸ்டூடியோக்காரரால் இயலாது. மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்ட அந்த வருஷத்தில், அவ்வப்போது இணையத்தைத் தொட்டு உரிமத்தை உறுதிசெய்ய வேண்டிய ஒரு கருவியில் தொழிலை வைத்திருப்பது எத்தகைய நிலை என்பதைப் பலர் அனுபவித்தே அறிந்தனர். சந்தா நின்றால் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். நியாயமான ஏற்பாடுதான் எனினும், செய்த வேலையைத் திரும்பத் தொடும் உரிமை வாடகையில் நிற்கிறது என்பதை அது மறைக்கவில்லை.

கடல் கடந்து வரும் சரக்கு படக்கலைஞரின் கையைக் கட்டுவது இந்த மலைகளுக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் பெரும்புகழ் ஈட்டிய ஜூலியா மார்கரெட் கமரன், கோப்பித் தோட்டங்களை வைத்திருந்த கணவருடன் 1875இல் இலங்கையில் குடியேறி, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கமானார். கண்ணாடித் தகடு ஈரமாக இருக்கும்போதே படத்தைக் கழுவியாக வேண்டிய அக்காலத்து முறைக்கு ரசாயனங்களும் தூய நீரும் வேண்டும். அவை எளிதில் கிடைக்காத இத்தீவில் அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியிருக்கின்றன. திறமை குன்றியதால் நேர்ந்ததன்று அது. சாதனங்களின் வரத்து குன்றியதும் ஒரு முக்கிய காரணம்.

சந்தாவின் பாரத்துக்குப் பலர் கண்டுபிடித்திருக்கும் பரிகாரம் கள்ளப் பிரதி. அதை ஒழுக்கத்தின் பெயரால் கண்டிப்பது சுலபம்; வருமானத்தின் யதார்த்தத்தை எண்ணும்போது அந்தக் கண்டனம் சற்றுத் தயங்கவே செய்யும். ஆனால் பிரயோசனத்தை மட்டும் கொண்டு பார்த்தாலும் அது நஷ்டமான வியாபாரம். புதுக் கமரா வாங்கினால் அதன் கோப்பைப் பழைய கள்ளப் பிரதி திறக்காது; பிரதியோடு கூடவே வைரஸும் வரலாம்; ஊரார் வீட்டுக் கலியாணப் படங்களெல்லாம் இருக்கும் கணினியில் அந்த அபாயத்தை வரவழைப்பது விவேகமன்று.

ஏனைய மென்பொருள்களைச் சுருக்கமாக நோக்கலாம். டென்மார்க்கில் உருவான காப்சர் வன், முகத்தின் நிறத்தை ஒழுங்குபடுத்துவதில் பெயர் பெற்றது. தோலின் நிறங்களை ஒன்றோடொன்று இணக்கும் தனிக்கருவியே அதில் உண்டு. நிரந்தர உரிமமும் கிடைக்கும், ஆனால் விலை சுமார் 300 டாலர். பிரான்ஸின் டிஎக்ஸ்ஓ போட்டோலாப் 2020இல் கொண்டுவந்த டீப்பிரைம் முறை, மங்கிய ஒளியில் எடுத்த படங்களின் இரைச்சலை வியக்கத்தக்க வகையில் நீக்குகிறது. மாசி மாதத்தில் லயங்களுக்கு நடுவே நள்ளிரவில் நடக்கும் காமன் கூத்தைப் படம் பிடிப்பவருக்கு இதன் அருமை தெரியும். ஆயினும் வலுவான வரைகலை அட்டை இல்லாத மடிக்கணினியில் ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் செல்லும். அன்றியும், விசையை மிகையாக ஏற்றினால் கூத்தில் வரும் ரதிக்கும் மதனுக்கும் பூசிய அரிதாரத்தின் சொரசொரப்பு வழுவழுப்பாகி, வேடம் பொம்மையாகிவிடும். நிக்கோனும் கெனனும் தத்தம் கமராக்களுக்கு இலவசமாகவே தரும் மென்பொருள்கள் நிறத்தில் விசுவாசமானவை. ஆனால் வேகம் குறைந்தவை, பிற நிறுவனத்துக் கோப்புகளுக்கு உதவாதவை. இரண்டு நிறுவனக் கமராக்களோடு கலியாணத்துக்குப் போகும் கூட்டாளிகளுக்கு அவற்றால் காரியம் நடவாது.

இலவசமாகவும் சுதந்திரமாகவும் கிடைக்கும் டார்க்டேபிள், ரோதெரபி ஆகிய இரண்டும் தனியே ஆராயத்தக்கவை. முன்னையது 2009இல் யோஹன்னஸ் ஹனிகா தொடங்கியது. பின்னையது ஹங்கேரியரான கேபர் ஹோர்வாத் எழுதி, 2010இல் பொது உரிமத்தின் கீழ் விடப்பட்டது. டாலர் ஏறினாலும் இறங்கினாலும், இணையம் இருந்தாலும் அறுந்தாலும், இவை கணினியில் தங்கும். செய்த திருத்தங்களைப் படத்தின் அருகிலேயே சிறு துணைக்கோப்பாக எழுதி வைக்கும். நிறத்தை ஆளும் கருவிகளின் ஆழத்தில் இவை விலையுள்ளவற்றுக்கு இளைத்தவையல்ல. ஆனால் ஒரே காரியத்துக்கு ஐந்து வழிகளைக் காட்டிப் புதியவரைத் திகைக்கவைப்பதும், முகத்தைத் தானே இனங்காணாது கையால் மறைப்பு வரையச் சொல்வதும், தமிழில் வழிகாட்டும் நூல்கள் அரிதாயிருப்பதும் மெய்யான குறைகள். பணத்தால் கொடுக்காத விலையை நேரத்தால் கொடுக்கவேண்டியிருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் பெரிய தோஷம் ஒன்று எந்த மென்பொருளுக்கும் பொதுவானது: பிரிசெட் என்னும் ஆயத்தத் திருத்தங்களை இறக்கிவைத்துக்கொண்டு எல்லாப் படத்துக்கும் பூசுதல். அவற்றுட் பல, மேல்நாட்டுக் கலியாணங்களின் வெளிர்ந்த தோலையும் வரண்ட புல்வெளியையும் மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை. நம் கொழுந்தின் பச்சையை அவை காய்ந்த ஒலிவ நிறமாக்குகின்றன, கரிய தோலைச் சாம்பலாகவோ செம்மஞ்சளாகவோ மாற்றுகின்றன. நிற நிர்ணயத்தில் வெள்ளைத் தோலை அளவாகக் கொள்வது பழைய பழக்கம். 1950கள் முதல் கொடாக் படச்சாலைகளுக்கு அனுப்பிய ஷெர்லி என்னும் நிறமாதிரி அட்டைகளில் வெள்ளையினப் பெண்ணின் முகமே நெடுங்காலம் தரமாக இருந்தது. அட்டை போய்விட்டது, அந்த ருசி பிரிசெட்டின் உருவில் நம் கணினிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. மணப்பெண்ணை நாலு படி வெளுக்கச் செய்வதை அழகுபடுத்தல் என்று கருதும் நம்மவர் விருப்பமும் அதற்குத் துணைபோகிறது.

நிலைபேற்றையும் கருதவேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2005இல் கொணர்ந்த அப்பேச்சரை நம்பித் தம் படங்களை ஒப்படைத்தவர்கள், 2014இல் அது கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டபோது, கோப்புகள் தம்மிடம் இருந்தும் திருத்தங்களை இழக்கும் நிலைக்கு வந்தனர். ஒரு மென்பொருளின் திருத்தத்தை இன்னொன்று முழுமையாக வாசிப்பதில்லை. 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாறு நினைவுகூரப்பட்டபோது, தோட்டக் குடும்பங்கள் தம் கையில் வைத்திருந்த பழைய படங்களின் மதிப்பு பலருக்கும் விளங்கியது. இன்று எடுக்கும் படங்களும் நாளை அவ்வாறே தேடப்படும். ஆதலால் மூலக்கோப்பு, துணைக்கோப்பு, முடிவுற்ற படம் ஆகிய மூன்றையும் இரண்டு வன்தட்டுகளில் சேமிப்பது எந்த மென்பொருளைக் கொண்டாலும் தவறாத நியமமாக வேண்டும்.

முடிவாக என் அபிப்பிராயம் இது. நாளும் கலியாணம் செய்பவருக்கு லைட்ரூமின் சந்தா, முறையாகச் செலுத்த இயலுமாயின், உழைப்பால் ஈடாகும் செலவே. மாதத்தில் ஓரிரு வேலை மட்டும் வருபவரும், ஊரின் வாழ்வை ஆவணமாக்க விரும்புபவரும், சிரமப்பட்டேனும் டார்க்டேபிளையோ ரோதெரபியையோ கற்பது மேல். எதைக் கொண்டாலும், தீர்மானிக்குமுன் தம் சொந்தக் கோப்புகள் மூன்றைப் பரீட்சைக்கு எடுத்துக்கொள்ளட்டும்: பனியில் நின்ற கொழுந்துப் பெண்ணின் முகம், வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், இரவில் ஆடிய காமன் கூத்து. மென்பொருள் நிறுவனங்கள் காட்டும் மாதிரிகள் மலையையும் வானத்தையும் வியக்கும் வெளியாருக்காகத் தேர்ந்தவை. அட்டன் ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுப்பவரோ படத்துக்குள் நிற்பவர். அவர் படத்தை வாங்கியதும் முதலில் தேடுவது தம் முகத்தை. அந்த முகத்தை உள்ளவாறு திருப்பித் தராத மென்பொருள், தேயிலையை எவ்வளவு பசுமையாகக் காட்டினாலும், இந்தத் தொழிலுக்குத் தகுதியற்றது.