மடங்கும் அழகு

பூக்காரம்மா மல்லிகைச் சரத்தை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை இழுத்து அளக்கிறார். கை மடங்குகிறது, நீள்கிறது, சத்தமே இல்லை. முழங்கை என்னும் அந்தச் சிறு இடத்தில் மேற்கை எலும்போடு முன்கையின் இரண்டு எலும்புகள் கூடுகின்றன. ஒன்று கதவுக் கீல் போல மடங்குகிறது. மற்றது உருண்டு உள்ளங்கையைத் திருப்பித் தருகிறது. வழவழப்பான குருத்தெலும்பும் கொஞ்சம் மூட்டுத் திரவமும் உரசலைத் தணிக்க, சுமார் 145 பாகை வரை மடங்கும். சோற்றுக் கவளம் சிந்தாமல் வாய் சேர்வது இந்த இரு அசைவுகளின் இசைவால்தான்.

முழங்கையின் உட்புற மேட்டுக்குப் பின்னால் ஓடும் நரம்பில் இடிபட்டால், சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்கும். ஓயாமல் திருப்புளி முறுக்கும் தச்சருக்கு வெளிப்புறத் தசைநாண் நோகும். டென்னிஸ் எல்போ என்பது அதுதான். சின்னக் குழந்தையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் எலும்பு பிசகலாம். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதே பாதுகாப்பு.