வானவில் கொடியும் வரவேற்பு மேசையும்

தாய்லாந்தின் புக்கெட் தீவில், படோங் கடற்கரையில் அறை தேடும் தன்பாலீர்ப்பாளர்கள் இரண்டு வகை விடுதிகளைப் பார்ப்பார்கள். ஆண்களை மட்டுமே சேர்க்கிற, அல்லது பெரும்பாலும் அவர்களை நம்பியே நடக்கிற சிறு விடுதிகள் ஒரு வகை. எல்லோருக்கும் பொதுவாக இருந்துகொண்டு, ‘கே ஃப்ரெண்ட்லி’ என்று தம்மை அறிவித்துக்கொள்ளும் ஹோட்டல்கள் இன்னொரு வகை. முன்பதிவுத் தளங்களில் இரண்டும் ஒரே வானவில் நிறத்தில் வந்து நிற்கின்றன. அந்த அடையாளத்தை நம்பிப் பணம் கட்டுவது இன்று பரவலான வழக்கம். அது எதைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்று பார்க்கப் படோங் ஏற்ற ஊர். ஏனென்றால் இங்கே சட்டம் பகையாக இல்லை.

தாய்லாந்தில் 1956ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலேயே தன்பால் உறவு குற்றப் பட்டியலிலிருந்து போய்விட்டது. பாலின அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 2015இல் வந்தது. 2025 ஜனவரி 23 முதல் இருவர் எந்தப் பாலினத்தவராக இருந்தாலும் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆசியாவில் தைவான், நேபாளத்துக்கு அடுத்து மூன்றாவது நாடு இது. கைதாகும் பயமே இல்லாத ஊரில் தனியாக ஓர் அடையாளம் எதற்கு?

பயம் சட்டத்தால் மட்டும் வருவதில்லை. இரண்டு ஆண்கள் பெட்டியோடு வந்து நிற்கிறார்கள். பதிவில் இருப்பது ஒரே பெரிய கட்டில். ஊழியர் திரையைப் பார்க்கிறார், இருவரையும் பார்க்கிறார், “தவறுதலாகப் பதிவாகியிருக்கிறது, தனித்தனிக் கட்டில் உள்ள அறைக்கு மாற்றித் தருகிறோம்” என்கிறார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனாலும் பின்னால் வரிசை நிற்கும்போது, இல்லை, எங்களுக்கு இதுதான் வேண்டும் என்று உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவிலிருந்து போகும் இணைகளுக்கு இது இன்னும் கடினம். நம் ஊரில் இரண்டு ஆண் நண்பர்கள் ஓர் அறையில் தங்குவது சாதாரணம். அந்தச் சாதாரணத்துக்குள்ளேயே ஒளிந்து வாழப் பழகியவர்கள், விடுமுறைக்குப் போன இடத்திலும் ஒரு கட்டிலுக்காகத் தங்களை விளக்க வேண்டியதாகிறது. வானவில் அடையாளம் அந்த ஒரு நிமிடத்தை இல்லாமல் செய்கிறது. வாழ்நாள் முழுக்க அப்படிப்பட்ட நிமிடங்களைக் கடந்து வந்தவருக்கு அது சிறிய விஷயமல்ல.

இருப்பிடமும் முக்கியம். படோங்கில் தன்பாலீர்ப்பாளர்களுக்கான மதுக்கூடங்களும் நடன நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் ராயல் பாரடைஸ் ஹோட்டலை ஒட்டிய சந்துகளில் இருக்கின்றன. பாரடைஸ் காம்ப்ளெக்ஸ் என்றால் யாரும் காட்டுவார்கள். அதற்குப் பக்கத்தில் தங்கினால் பின்னிரவில் நடந்தே அறைக்குத் திரும்பலாம். படோங்கின் துக்துக் வண்டிகள் அதிகக் கட்டணத்துக்குப் பேர்போனவை. குடித்துவிட்டுத் தனியாக வருபவரிடம் பேரம் நியாயமாக முடியும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் மதுக்கூடங்கள் பக்கத்தில் இருப்பதால் இரைச்சலும் விடியும்வரை கூடவே வரும். அமைதி தேடிப் போகும் இணைக்கு முன்பதிவுத் தளப் பட்டியலின் முதல் பெயர்கள் உதவாது.

ஆண்களுக்கு மட்டுமான விடுதிகளைக் குறை சொல்வது எளிது. தனிமைப்படுத்திக்கொள்வதா என்று கேட்பவர்கள், அறுபது வயதில் தனியாகப் பயணம் வரும் ஒருவர் அங்கே காலை உணவு மேசையில் யாரோடும் பொய் சொல்லாமல் பேசுவதை எண்ணிப் பார்க்க வேண்டும். மனைவி வரவில்லையா என்ற கேள்வி அங்கே எழாது. ஆனால் பெண்களை நேசிக்கும் பெண்களுக்கு இந்த ஏற்பாட்டில் பெரும்பாலும் இடமே இல்லை. வழிகாட்டிகளில் ‘கே’ என்று எழுதப்பட்ட இடத்தில் எல்லாம் ஆண் என்றே பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு பெண்கள் அதே தளத்தில் தேடினால், தங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் விடுதியும் நட்பான விடுதியாகவே தெரியும். இது சிறு பிழை அல்ல. பட்டியல் யாரை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டது என்பதை அது காட்டிவிடுகிறது.

எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது ‘ஜாய்னர் ஃபீஸ்’. விருந்தினர் இரவில் ஒருவரை அறைக்கு அழைத்து வந்தால் சில ஹோட்டல்கள் கூடுதலாக வாங்கும் கட்டணம் இது. வருபவரின் அடையாள அட்டையையும் மேசையில் வாங்கி வைப்பார்கள். இதில் இரண்டு செயல்கள் கலந்திருக்கின்றன; பிரித்துப் பார்க்க வேண்டும். அட்டையைச் சரிபார்ப்பதற்கு நியாயம் உண்டு. தாய்லாந்தின் 2004ஆம் ஆண்டு ஹோட்டல் சட்டப்படி இரவு தங்குபவர்களைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். வருபவர் வயது வந்தவரா என்று பார்ப்பது அந்த ஊரில் கட்டாயம் இருக்க வேண்டிய காவல். அறையில் திருட்டு நடந்தால் தேடவும் அந்தக் குறிப்பு உதவும். இருவருக்கும் அது பாதுகாப்பு.

கட்டணம் அப்படியல்ல. அந்த அறை இருவருக்காகத்தான் விற்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு ஆண் தன் வெளிநாட்டுத் துணையோடு தங்கினால் இருவரும் விருந்தினர்கள். அவருடைய துணை புக்கெட் நகரில் வேலை செய்யும் தாய் இளைஞர் என்றால், அவர் உழைத்துச் சம்பாதிப்பவராக இருந்தாலும், ஆண்டுக்கணக்கில் பழகிய காதலராக இருந்தாலும், மேசையில் நிற்கும்போது விலைக்கு வந்தவராகவே எண்ணப்படுகிறார். பாலியல் தொழிலில் இருப்பவரையும் இழிவாக நடத்த ஒரு ஹோட்டலுக்கு உரிமை இல்லை என்பது வேறு. இங்கே நடப்பது, சொந்த நாட்டில் ஒருவர் தன் காதலரின் அறைக்குப் போக, அந்நியர் முன்னால் தன் பெயரில் ஒரு விலையைக் கேட்டுக்கொண்டு நிற்பது. ஆணோடு வரும் பெண்ணிடமும் இதையே வாங்குகிறோம், இதில் பாகுபாடு இல்லை என்று ஹோட்டல்கள் வாதிடலாம். இருவரையும் சமமாக அவமதிப்பது நட்பாகிவிடாது. வாசலில் கொடியும் மேசையில் இந்தக் கட்டணமும் ஒன்றாக இருக்கும் ஹோட்டலை நட்பானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரவேற்பு பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் என்று அதற்குப் பொருள்.

தளங்களின் சான்றிதழ்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. புக்கிங் டாட் காம் 2021இல் தொடங்கிய ‘ட்ராவல் ப்ரௌட்’ திட்டத்தில், ஹோட்டல் ஊழியர்களுக்கு இணையவழியில் இலவசப் பயிற்சி உண்டு. அதை முடித்த ஹோட்டல் தன் பக்கத்தில் அடையாளத்தை வைத்துக்கொள்ளலாம். எப்படி விளிப்பது, எதை அனுமானிக்கக் கூடாது என்று கற்றுத்தருவது நல்லதே. கட்டில் குழப்பம் அதனால் குறையும். ஆனால் பயிற்சி பெற்றவர் பகல் நேர மேலாளராக இருக்கலாம், மேசையில் இருப்பவர் போன வாரம் வேலைக்குச் சேர்ந்த இரவு ஊழியராக இருக்கலாம்.

எல்லை தாண்டினால் கணக்கே மாறிவிடும். மலேசியாவில் ஆண்களுக்கிடையிலான உறவுக்கு 20 ஆண்டுவரை சிறை என்று தண்டனைச் சட்டம் சொல்கிறது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அன்பான விடுதி உரிமையாளர் இருந்தாலும் வெளிப்படையாகக் கொடி வைக்கமாட்டார். வைத்தால் விருந்தினருக்கே ஆபத்து. அங்கே தெரிந்தவர் சொல்லும் வாய்மொழிதான் வழி. ஆகவே இந்த அடையாளம் சட்டம் இடம் தரும் ஊர்களில் செழிக்கிறது, மிகவும் தேவைப்படும் ஊர்களில் தலைகாட்ட முடிவதில்லை. பட்டியலில் பெயர் இல்லாததைப் பகை என்று எடுத்துக்கொள்பவர் ஜார்ஜ் டவுனின் நல்ல விடுதிகளைத் தவறவிடுவார்.

படோங்கில் அப்படி ஒளிய வேண்டியதில்லை. எதையும் எழுதிக் கேட்டுப் பதில் வாங்கலாம். இரவில் வரும் துணைக்குக் கட்டணம் உண்டா, அட்டையை வாங்கி வைத்துக்கொள்கிறீர்களா அல்லது பார்த்துக் குறித்துவிட்டுக் கையில் தருகிறீர்களா, இரண்டு பெண்கள் தங்கலாமா என்று முன்பதிவுக்கு முன்னால் மின்னஞ்சலில் கேட்கலாம். இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தாய்லாந்தில் திருநங்கைகள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ளச் சட்டம் இன்னும் இல்லை. பெண்ணாக வாழ்பவரின் அட்டையிலும் ‘திரு’ என்றே இருக்கும். அதை மேசையில் உரக்கப் படிப்பார்களா என்று கேளுங்கள். போய்வந்தபின் எழுதும் மதிப்புரையில் நீச்சல்குளத்தைப் பற்றி ஒரு வரி போதும். இந்த நான்குக்கும் நேரில் கிடைத்த பதிலை ஹோட்டலின் பெயரோடு விரிவாக எழுதுங்கள். அடுத்து அறை தேடும் இரண்டு பெண்களுக்கும், தாய் காதலரோடு வருபவருக்கும் அந்தத் தகவல் வேறெங்கும் கிடைப்பதில்லை.