மழைக்காலத்து மைதானம் யாருக்கு?

2022 டிசம்பர் 18ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கட்டாரில் ஆர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய உதைபந்தாட்ட உலகக் கிண்ண இறுதிப் போட்டி இலங்கை நேரப்படி இரவு எட்டரைக்குத் தொடங்கியது. விடிந்தால் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்களும் கண்விழித்துப் பார்க்கக்கூடிய நேரம். மூன்றுக்கு மூன்று என்று சமநிலையாகி, பெனால்டியில் நாலுக்கு இரண்டு என்று ஆர்ஜென்டினா வென்றது. அதுவரை ஒரு முழு உதைபந்தாட்டத்தை இருந்து பார்த்திராத பலர் அந்த இரவோடு அதன் இரசிகர்களாகிவிட்டதை எங்கள் பக்கத்து லயங்களில் பார்த்தேன். எட்டியாந்தோட்டையிலும் தெஹியோவிட்டவிலும் இறக்குவானையிலும் வெள்ளையும் இளநீலமும் கோடு போட்ட ஜேர்சி இப்போது சாதாரணமாகக் கண்ணில் படுகிறது.

நாலு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகிற காய்ச்சல் இது என்று பெரியவர்கள் ஒதுக்குகிறார்கள். மெஸ்ஸி பெயரைத் தவிர வேறென்ன தெரியும் என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது ரசனை பற்றிய வழக்கோடு நிற்பதில்லை. நிலத்தைப் பற்றிய வழக்கும்கூட. இரத்தினபுரி, கேகாலை இரண்டு மாவட்டங்களிலும் தோட்டங்கள் சரிவில் போடப்பட்டவை. தேயிலையும் றப்பரும் ஏறாத சமதரை குறைவு. அதிலும் தொழிற்சாலை, பங்களா, கொழுந்து மடுவம், பிள்ளைக்காம்பரா எல்லாம் போக, மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே ஒரு மைதானம். சித்திரையில் எல்லே ஆடுவதும், வார இறுதியில் மென்பந்து கிரிக்கெட் ஆடுவதும், திருவிழா இரவில் மியூசிக்கல் ஷோ மேடை போடுவதும் அந்தத் தரையில்தான். இப்போது உதைபந்தும் அதில் இடம் கேட்கிறது. கேட்கத் தகுதி உண்டா என்பதைத்தான் இங்கே நிறுத்துப் பார்க்கிறேன்.

எதை வைத்து நிறுப்பது? நம் மழையிலும் நம் சரிவிலும் அது நடக்குமா, உடம்பு உழைத்துத் திரும்புகிறவருக்கு அதைப் பார்க்க நேரம் இருக்குமா, பார்க்கிறவரை அது ஆடுகிறவராக்குமா, யாரை வெளியே நிறுத்துகிறது. இந்த நாலும் போதும்.

முதலில் மட்டையாட்டம். மட்டையால் அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டம் நமக்குப் பழசு. எல்லேயில் அடிப்பவருக்கு மூன்று வாய்ப்பு. அடித்ததும் ஐம்பத்தைந்து மீற்றர் இடைவெளியில் வைத்த தரிப்புகளைச் சுற்றி ஓடி வர வேண்டும். பந்தை எதிரணி ஏந்திப் பிடித்தாலும், ஓடுகிறவர்மேல் பந்தை எறிந்து பட்டாலும் ஆட்டமிழப்பு. இதைச் சின்ன வயதிலிருந்து ஆடிய பிள்ளைக்கு அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் கொண்டாடுகிற பேஸ்போலின் அடிப்படை இரண்டே நிமிடத்தில் பிடிபட்டுவிடும். அது ஏதோ தூரதேசத்து ஆட்டமும் அல்ல. இரத்தினபுரியிலிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போகிற ஏ4 வீதி ஹோமாகமவைத் தொட்டுத்தான் போகிறது. அங்கே தியகமவில் ஜப்பான் உதவியோடு 2012இல் பேஸ்போல் மைதானம் திறந்தார்கள். 2019இல் மேற்காசியக் கிண்ண இறுதியில் பாகிஸ்தானை வென்றது இலங்கை அணி. நம் பஸ் பாதையோரத்தில் இப்படி ஓர் ஆட்டம் வளர்ந்துகொண்டிருப்பது தோட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பேஸ்போலுக்கு உதைபந்தில் இல்லாத ஒரு பெருமை உண்டு. அதில் நேரம் தீர்ந்து தோற்பது என்பதே இல்லை. கடைசி ஆள் ஆட்டமிழக்கும்வரை பின்தங்கிய அணிக்கும் கதவு திறந்திருக்கும். உதைபந்தில் எண்பத்தைந்தாவது நிமிடத்தில் மூன்று கோல் பின்னால் நிற்கிற அணி மீதி நேரத்தை வெறுமனே ஓடித் தீர்க்கும். அடிக்க வருகிறவர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு முறை வரும், அந்தச் சில நொடி மைதானம் முழுவதும் அவரையே பார்க்கும் என்பதும் சிறியதல்ல. உதைபந்தில் பந்தே வந்து சேராமல் ஒரு பிள்ளை பொழுதைக் கழித்துவிட முடியும்.

ஆனால் மற்ற அளவுகோல்களில் பேஸ்போல் சறுக்குகிறது. களத்தில் நிற்கிற ஒன்பது பேருக்கும் கையுறை வேண்டும். பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவருக்கு முகக் கவசமும் மார்புக் கவசமும் வேண்டும். 2021இல் ஆயிரம் ரூபாவானதும் 2024இல் 1350 ரூபாவுக்கு உயர்ந்ததுமான நாட்சம்பளத்தில் அவற்றை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. ஓங்கி அடித்த பந்து தேயிலைக்குள்ளோ றப்பர் காட்டுக்குள்ளோ போனால் திரும்பி வருவது அதிர்ஷ்டம். தொலைக்காட்சியில் பார்ப்பதும் கைகூடாது. அமெரிக்காவின் பெரிய இறுதித் தொடர் ஆட்டங்கள் அங்கே இரவு எட்டுக்குத் தொடங்கும்போது இங்கே விடியற்காலை ஐந்தரை. கேகாலைப் பக்கத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் கிளம்புகிற நேரம் அது. ஆட்டமும் நீளம், சராசரி மூன்று மணித்தியாலத்தைத் தாண்டியதால்தான் 2023இல் பந்து எறிவதற்குக் கடிகாரம் வைத்து, இரண்டு மணி நாற்பது நிமிட அளவுக்குக் குறைத்தார்கள். எல்லாவற்றையும்விட, மழை பிடித்தால் ஆட்டம் நிற்கும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மழைக்கு ஒதுங்குகிற ஆட்டத்தை இங்கே ஆண்டு முழுவதும் நம்பி நடத்த முடியாது. கிரிக்கெட்டுக்கும் இதே குறை உண்டு. தோட்டத்து வேரிலிருந்து வந்த முத்தையா முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த நாட்டில் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வைகாசி முதல் ஐப்பசி வரை அதன் மைதானம் பாதி நாள் சும்மா கிடக்கிறது.

அடுத்தது இசை. திருவிழாவுக்கு வருகிற மியூசிக்கல் ஷோவை வெறும் கேளிக்கை என்று தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. டிரம் செட்டின் அதிர்வை நெஞ்சில் வாங்கிக்கொள்வது ஓர் அனுபவம். அதற்குத் திரை தேவையில்லை, சந்தா கட்டத் தேவையில்லை. பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை லயமே திரண்டு போகிறது. கிட்டாரும் பைலாத் தாளமும் தமிழுக்குள் வந்த கதையும் நமக்குச் சொந்தமானதுதான். சிலோன் மனோகரும் நித்தி கனகரத்தினமும் பொப் பாடல்களை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சிங்களத்தில் ஜிப்சீஸ் குழுவின் சுனில் பெரேரா 2021இல் மறையும்வரை அந்த மேடையை உயிரோடு வைத்திருந்தார். கொழும்பில் ஸ்டிக்மாட்டா போன்ற கடும் றொக் குழுக்களும் இருக்கின்றன. ஆனால் அந்த நிகழ்ச்சிகளுக்குப் போய் இரவோடு இரவாகத் தோட்டம் திரும்ப நமக்கு வாகனம் கிடையாது. ஆகவே நமக்கு நேரில் கேட்கிற இசை என்பது கோவில் மைதானத்து மேடைதான்.

அந்த மேடைமேல் எனக்கு ஒரு கனமான குறை இருக்கிறது. தோட்டத்துக்கென்று நேரடி இசைக்காரர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார், தப்பு அடிக்கிறவர். காமன் கூத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் சாவுக்கும் அவர் வேண்டும். மியூசிக்கல் ஷோ இரவில் அவர் மேடைக்குக் கீழே, கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறார். வெளியூர்க் குழு வருகிறது, வசூலித்த பணத்தை வாங்கிக்கொண்டு போகிறது. கேட்ட பிள்ளைகளில் ஒருவராவது மறுநாள் கிட்டார் பிடிக்க வழியில்லை. லொறிச் சக்கரமும் மேடைக் கம்பமும் குழி பறித்த தரை, மழைக்காலமென்றால் மாதக்கணக்கில் ஆறாது. ஓர் இரவின் நிறைவு பெரியதுதான். அதற்காக மைதானம் கொடுக்கிற விலையும் பெரியது.

இங்கே இன்னொன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும். றொக் நிகழ்ச்சியில் மனிதரைப் பித்தாக்குவது எது? பாடகரின் குரலைவிட, ஆயிரம் பேர் ஒரே குரலாவதுதான் என்பேன். விளையாட்டு அதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. அமெரிக்க பேஸ்போலில் ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் 1908இல் எழுதிய பாட்டைக் கூட்டம் எழுந்து நின்று பாடுகிறது. ஜெரி அன்ட் த பேஸ்மேக்கர்ஸ் குழு 1963இல் பாடிப் புகழாக்கிய பாட்டை லிவர்பூல் இரசிகர்கள் தங்கள் கீதமாக்கிக்கொண்டார்கள். ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற றொக் குழு 2003இல் வெளியிட்ட ஒரு பாட்டின் கிட்டார் மெட்டை அதே ஆண்டு பெல்ஜியத்தின் ப்ரூஜ் அணி இரசிகர்கள் மிலான் நகரில் கூவத் தொடங்கினார்கள். இன்று நாடு நாடாக மைதானங்களில் சொல்லே இல்லாமல் அது எழுகிறது. உதைபந்துக்குள் இசைக் கூட்டம் குடியேற முடிந்திருக்கிறது. நம் மைதான ஓரத்தில் தப்பு ஒலித்தால் அதற்கு மேடையோ ஜெனரேட்டரோ தேவைப்படாது. மேடைக்குக் கீழே நின்றவருக்கும் அங்கே உரிய இடம் கிடைக்கும்.

உதைபந்துக்கு வருவோம். புதிதாகப் பார்க்கிறவர் முதலில் சொல்வது, கோலே விழவில்லை என்பது. உண்மைதான். கட்டாரில் 64 ஆட்டங்களில் 172 கோல். ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. ஆனால் கோல் அரிதாக இருப்பதால்தான் வலுவில்லாத அணி பிழைக்கிறது. அதே உலகக் கிண்ணத்தில் நவம்பர் 22ஆம் திகதி சவூதி அரேபியா இரண்டுக்கு ஒன்று என்று ஆர்ஜென்டினாவைத் தோற்கடித்தது. மொரோக்கோ அரையிறுதி வரை போன முதல் ஆபிரிக்க அணியானது. புள்ளிகள் குவிகிற ஆட்டத்தில் பலசாலி எப்படியும் மேலே வந்துவிடுவான். உதைபந்தில் ஒரு கோலை அடித்துவிட்டு உயிரைக் கொடுத்துக் காத்தால் போதும். சிறிய சமூகமாக, இரண்டு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிற நமக்கு இந்த ஆட்டம் நெஞ்சில் ஒட்டியதற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன். ஓவ்சைட் விதி புரியவில்லை என்பது அடுத்த முறைப்பாடு. நாலு ஆட்டம் பார்த்தால் புரிந்துவிடும். பெரும்பாலும் எப்போது முடியும் என்று முன்கூட்டியே தெரிகிற ஆட்டம், இடைவேளையையும் சேர்த்து இரண்டு மணித்தியாலத்துக்குள். விடியற்காலை எழுகிறவருக்கு அது பெரிய மரியாதை.

மழை அதை நிறுத்துவதில்லை. தண்ணீர் தேங்கினால் நிற்கும். இடி மின்னல் இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும், இரத்தினபுரியும் கேகாலையும் மின்னலுக்குப் பேர்போன மாவட்டங்கள் என்பதால் இதில் வீரம் பேசக் கூடாது. மற்றபடி சேற்றில் வெறுங்காலோடு ஒரு பந்தை வைத்து இருபது பேர் ஆடலாம். சர்வதேச விதிப்படி களம் குறைந்தது தொண்ணூறு மீற்றர் நீளம். நமக்கு அந்த நீளம் கிடைக்காத இடத்தில் ஐந்து பேர், ஏழு பேர் அணியாக ஆட்டம் சுருங்கிக்கொள்ளும். சரிவில் உருண்டு போகிற பந்து ஒரு தொல்லைதான். பள்ளத்துப் பக்கம் மூங்கில் வேலி கட்டினால் பெரும்பகுதி தீரும்.

எதிர்வாதங்களில் இரண்டு வலுவானவை. முதலாவது, நம் இரசிகருக்கு உதைபந்து திரையிலேயே நின்றுவிடுகிறது என்பது. ஐரோப்பிய ஆட்டங்களில் பல நள்ளிரவுக்குப் பின்னால். வட அமெரிக்காவில் நடப்பதாக அமைந்த 2026 உலகக் கிண்ணத்தின் இறுதிப் போட்டியும் நம் நேரப்படி திங்கள் அதிகாலை பன்னிரண்டரைக்கு. போனில் கோல் துணுக்குகளைப் பார்த்து இரசிகராக இருப்பது அரைகுறை இரசனை என்று சொல்கிறவர்களோடு உடன்படுகிறேன். சொந்த நாட்டு அணியும் கைகொடுக்கவில்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த நாடு இது. கட்டார் இறுதி முடிந்து ஒரு மாதம் ஆனபோது, 2023 ஜனவரியில், பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் வரை அந்தத் தடை நீடித்தது. அந்த ஆண்டுத் தெற்காசியப் போட்டியில் நம் அணி இல்லை. ஆர்வம் மூண்ட நேரத்தில் மேலே போகிற ஏணியை எடுத்துவிட்டார்கள். இருந்தும் மலைக்கு அந்தப் பக்கம் நாவலப்பிட்டியிலிருந்து அப்கண்ட்ரி லயன்ஸ் அணி நாட்டின் முதல்நிலை லீக்கில் ஆடியது. கொழும்புக்கு வெளியே, தேயிலை நாட்டிலிருந்தும் அது முடியும் என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை. திரைக் காதல் தீர, பக்கத்துத் தோட்டத்து அணி வந்து ஆட வேண்டும். நேரில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதத்துக்கு என்னிடம் எளிய பதில் இல்லை. மைதானத்தில் உதைபந்து ஆடுகிறவர்கள் பையன்கள். கொழுந்து பறிக்கிற கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. அவர்கள் மாலையில் லயத்துக்கு வந்தால் விறகும் தண்ணீரும் அடுப்பும் காத்திருக்கும். அவர்களுடைய பெண்பிள்ளைகள் மைதான ஓரத்தில் நின்று தம்பியைப் பார்த்துக்கொள்வார்கள். எல்லேயில் பெண்கள் அணி கட்டி ஆடுவது வழக்கமாகிவிட்டது. மியூசிக்கல் ஷோவில் பெண்களும் பிள்ளைகளும் முன்வரிசையில் பாய் விரிக்கிறார்கள். இந்த ஓர் அளவுகோலில் உதைபந்து மூன்றிலும் கடைசி. ஆட்டத்தின் இயல்பில் இந்தக் குறை கிடையாது. நாம் ஆடுகிற விதத்தில் இருக்கிறது, ஆகவே நாமே திருத்த வேண்டியது.

என் முடிவு இது. சித்திரை மாதம் எல்லேக்கு உரியது; அதில் கை வைக்கக் கூடாது. திருவிழா மேடையைக் கோவில் முற்றத்துக்கோ பாடசாலை மண்டபத்துக்கோ மாற்ற வேண்டும். மைதானம்தான் வேண்டுமென்றால் மழை குறைந்த தை, மாசியில் மட்டும். வைகாசி தொடங்கி ஐப்பசி முடிய வாரநாள் மாலைகள் உதைபந்துக்கு. அந்த மாலைகளில் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று இளைஞர் கழகமும் கோவில் கமிட்டியும் எழுதி ஒப்பமிட வேண்டும். அந்த நாட்களில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது அண்ணன்மார் பொறுப்பு. அதற்கு ஒப்பாத தோட்டத்தில் உதைபந்துக்கு ஒரு மாலைகூட ஒதுக்க வேண்டாம், எல்லேக்கே கொடுத்துவிடுங்கள் என்பேன்.